தட்டிப் பார்க்காமல் பெயின்ட் அடிக்க மாட்டேன்

சுவரை மட்டமாக்கும் பட்டி மாவை எத்தனை கை வைக்க வேண்டும், பிரைமர் காய எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய நாளில் நான் இந்த வேலைக்கு வந்தேன். பெயின்ட் வேலை கற்க வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் குறை இல்லை. டப்பாவில் எழுதாத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். ‘முடியாது’ என்று எப்போது சொல்ல வேண்டும் என்பதை.

என் பெயர் மாதம்மா. ஜவளகிரிப் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் காட்டில் கேழ்வரகு அறுத்தவர்கள். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது தொழிற்பேட்டையைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. முதலில் சித்தாளாகப் போனேன். பிறகு ஒரு பெயின்டிங் குழுவில் சுவர் தேய்க்கப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் பெண் என்றால் உப்புத்தாள்தான். தலையிலும் புருவத்திலும் பட்டித் தூள் படியப் படிய நாள் முழுக்கத் தேய்ப்போம். பிரஷ்ஷைத் தொட்டால், “அது ஆம்பளைங்க வேலை, வெய்யி கீழ” என்பார்கள்.

ஒன்பது வருடம் தேய்த்தேன். ஒரு நாள் இரண்டு பெயின்டர்கள் வரவில்லை. யாரையும் கேட்காமல் ரோலரை எடுத்து ஒரு சுவரை முழுதாக முடித்துவிட்டு இறங்கினேன். மேஸ்திரி வந்து பார்த்தார்.

“யாரு அடிச்சது?”

“நான்தான். தப்பு எங்க இருக்குதுன்னு காட்டுங்க.”

பக்கவாட்டில் நின்று பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். காட்ட முடியவில்லை. மறுநாள் என் கையில் ரோலர் இருந்தது. நாலைந்து வருடம் கழித்துச் சொந்தமாக ஒரு குழு வைத்துக்கொண்டேன்.

இதைக் கேட்டு என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். குழு வைத்த முதல் வருடத்தில் நான் செய்த காரியத்தையும் கேளுங்கள்.

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஒரு தொழிற்கூடம். அதன் அலுவலக அறைச் சுவர் மழையில் ஊறி, பூச்சு விழுந்து, ஒரு கொத்தனார் புதிதாகப் பூசியிருந்தார். பூசி ஆறாவது நாள் நான் போனேன். மாங்காய் வரத்து தொடங்குவதற்குள் அறை தயாராக வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஆறு நாளில் அந்தக் கனப் பூச்சு எப்படிக் காயும் என்று மனசுக்குள் ஒரு கேள்வியும் இருந்தது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. வாயைத் திறக்கவில்லை. பட்டி வைத்தேன், பெயின்ட் அடித்தேன், முதலாளி பாராட்டினார், வந்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். சுவரெல்லாம் கொப்புளம். விரல் பட்டால் அப்பளம்போல உடைந்தது. உடைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தக் கொத்தனாரையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

“யாரு தப்பும்மா இது?” என்று கேட்டார் முதலாளி.

“அவரு பூசின மணல்ல உப்புங்க” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? யோசிக்கக்கூட இல்லை. முதலாளி கொத்தனாரைப் பார்த்து, “இனிமே நீ இந்தப் பக்கம் வராத” என்றார். அந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்தக் கட்டடத்தில் புதுப் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எல்லோரும் ‘தண்ணியக்கா’ என்று கூப்பிட்டார்கள். நானும் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் வெளியே வந்ததும் அவர் குழாயடியில் என்னை மறித்துக்கொண்டார்.

“ஏமே, அந்தச் சுவத்துக்குத் தண்ணி ஊத்தினது நானு. அஞ்சு நாளு ஊத்தினேன். ஆறாவது நாளு நீ பட்டி வெச்ச. நடுவுல அது எப்போ ஒணங்கிச்சு?”

“கை வெச்சுப் பாத்தேங்க்கா.”

“இந்தக் கையா?” என்று என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “உப்புத்தாள் புடிச்சுப் புடிச்சு இது செருப்புத் தோலு மாதிரி இருக்குது. இதுக்கு ஈரம் தெரியுமா?”

என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்த வேறொரு சுவரில் என் மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்து அழுத்தினார். ஜில்லென்று இருந்தது. உள்ளங்கைக்குத் தெரியாதது அங்கே தெரிந்தது. பிறகு சொன்னார்: “சந்தேகமா இருந்தா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கிழிச்சு, சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டு. மறுநாள் உள்பக்கம் தண்ணி முத்து கோத்திருந்தா, அடிக்காத. இது உனக்குத் தெரியலன்னா தப்பில்ல. அந்த ஆளு மேல போட்டியே, அதுதான் தப்பு.”

நான் திரும்பி உள்ளே போய் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. “சரி, சொரண்டிட்டு மறுபடி அடிச்சுக் குடு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அடுத்தடுத்த நாட்களில் கொத்தனாரைத் தேடினேன். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தப் பேட்டை, யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் கிடைக்காமலே போவது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். அதற்காகத்தான் முதலில் இதைச் சொன்னேன்.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். புதுச் சுவருக்கு நம்மைக் கூப்பிட்டால் அழகு பண்ணக் கூப்பிடுகிறார்கள். பழுது பார்த்த சுவருக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் மறைக்கக் கூப்பிடுகிறார்கள். விரிசலை, ஓதத்தை, ஒட்டுப் போட்டதை. கொத்தனாரும் பிளம்பரும் இன்ஜினியரும் போன பிறகு கடைசியாக அந்தச் சுவரைத் தொடுகிறவர்கள் நாம்தான். நாம் மூடிவிட்டால் அதன் பிறகு ஒருவர் கண்ணுக்கும் அது தெரியாது.

இப்போது ஒரு ஹாஸ்டல் கதைக்கு வருகிறேன்.

நான் வேலையை விடுவதற்கு மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஓசூருக்கு வெளியே ராயக்கோட்டை ரோட்டில், கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் நான்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் ஒரு பெரிய அறை. இருபத்து நாலு பெண்கள், மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் பகலில் சுவர்ப் பூச்சு பெயர்ந்து ஒரு கட்டிலின் மேல் விழுந்திருக்கிறது. அந்தப் பெண் ஷிப்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். உடனே கொத்தனார்களைக் கூப்பிட்டு விழுந்த இடங்களில் ஒட்டுப் போடச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சானமாவு காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். யானைக் கூட்டம் ரோட்டோரம் இறங்கியிருந்ததால் இரண்டு நாள் வர முடியவில்லை. ஒருவழியாக வந்து செவ்வாய்க்கிழமை பூசி முடித்தார்கள். எங்களை வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை, கம்பெனியிடம் பொருள் வாங்குகிறவர்கள் சார்பில் ஹாஸ்டலைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அறை பளிச்சென்று இருக்க வேண்டும்.

பூசி இரண்டே நாள். இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டிய பூச்சு அது. அதை விடுங்கள், அதற்கு நான் சமாதானம் சொல்லி, ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடிக்கிறேன் என்று பேசிப் பார்த்திருப்பேன். என்னைப் பயமுறுத்தியது பழைய பூச்சு.

சாரத்தில் ஏறி, பட்டித் தகட்டின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல பூச்சைத் தட்டினால் கருங்கல்லைத் தட்டிய மாதிரி இறுகலாகச் சத்தம் வரும். செங்கல்லை விட்டுப் பிரிந்து சும்மா நிற்கிற பூச்சு, காலி டப்பாவைத் தட்டிய மாதிரி ‘டொப் டொப்’ என்னும். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே தட்டினேன். டொப். ஒரு முழம் தள்ளித் தட்டினேன். டொப். அப்படியே கூரை வரைக்கும் போனது. நீலச் சாக்பீஸை எடுத்து, வெற்றுச் சத்தம் வந்த இடங்களை எல்லாம் வட்டம் போட்டேன். மதியத்துக்குள் பத்து வட்டத்துக்குமேல் ஆகிவிட்டது. இரண்டு வட்டம் கட்டில் அகலத்துக்கு இருந்தன. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. எங்கேயோ குழாய் கசிந்து, பூச்சு முழுக்க உள்ளுக்குள்ளேயே பிரிந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தை மட்டும் பூசிவிட்டு, விழப்போகிற இடத்தைத் தொடவில்லை.

என் குழுவில் நாகராஜ் என்று ஒருவன். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். எட்டு வருடமாக என்னோடு இருந்தான். அவனைப் போல மட்டமாகப் பட்டி இழுக்க ஓசூரில் ஆள் கிடையாது. வட்டங்களைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்:

“பேடக்கா, வேணாம். நமக்கு எதுக்கு இது? நாம பெயின்டர். இன்ஜினியர் இல்ல.”

“உனக்குச் சத்தம் கேட்டுச்சா இல்லியா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா அப்புறம்? நாம மாட்டேன்னா வேற ஆள் வந்து அடிச்சுட்டுப் போவான். நமக்கு வேலை போவும். சுவரு அப்படியேதான் இருக்கும்.”

அவன் சொன்னது தப்பில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது. நான் கோபமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என் மனசு சுத்தமாக இருக்கும். ஆனால் மறுநாள் வேறொரு குழு வந்து என் நீல வட்டங்களின் மேல் பட்டி இழுத்துவிடும். சனிக்கிழமை கட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பெண்கள் படுத்துத் தூங்குவார்கள். விலகிப் போவது மட்டும் எதிர்ப்பு ஆகிவிடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஹாஸ்டல் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. அந்த வாரம் முழுக்கத் தூங்காத முகம். சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்னாம்மா கோலம் போட்டு வெச்சிருக்கே? எல்லாத்தையும் அழி. திங்கக்கிழமை போட்டோ எடுத்துக்கினு போயிடுவாங்க. அப்புறமா பாத்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்போங்க?”

“லீவு வரும்போது.”

“அதுவரைக்கும் சுவரு காத்துக்கினு இருக்குமா சார்?”

“இத பாரும்மா, உன்னைக் கூப்பிட்டது பெயின்ட் அடிக்கத்தான். இது திங்கக்கிழமைக்குள்ள ஆவலன்னா என் வேலை போயிடும். முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்க.”

அந்த வார்த்தையைச் சொன்னபோது உள்ளுக்குள் பயம்தான். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த கான்ட்ராக்டரை அழைத்தார். அந்த நேரத்தில்தான் கீழே கம்பெனி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காலை ஷிப்ட் முடிந்து பெண்கள் திரும்பிவிட்டார்கள். இரண்டு நாளாக அவர்களைக் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மாற்றுத் துணி எடுக்க ஐந்தாறு பேர் மேலே வந்தார்கள். கட்டில்கள் எல்லாம் அறை நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக் கிடந்தன.

அவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சுவரைப் பார்த்ததும், “என்னக்கா, நீலக் கலரா அடிக்கப் போறீய?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. உன் கட்டில் எங்க கிடந்தது?”

பெரிய வட்டத்தின் நேர்க் கீழே கையைக் காட்டினாள். “மேல்கட்டிலு.”

“ஸ்பூன் இருக்குதா?”

சாப்பாட்டுத் தட்டோடு வைத்திருந்த ஸ்டீல் ஸ்பூனை எடுத்து வந்தாள். சாரத்தின் கீழ்ப்பலகையில் ஏற்றிவிட்டேன். முதலில் ஜன்னலோரம் நல்ல பூச்சில் தட்டச் சொன்னேன். பிறகு வட்டத்துக்குள் மெதுவாகத் தட்டச் சொன்னேன். நான் ஒன்றும் விளக்கவில்லை. இரண்டு தடவை தட்டினாள். மறுபடி ஜன்னல் பக்கம் போய்த் தட்டிவிட்டு வந்தாள். முகம் மாறிவிட்டது.

“ஏக்கா, உள்ள ஒண்ணுமே இல்லியே! என் தலைக்கு நேராவுல்லா இருக்கு!”

அதற்குப் பிறகு நான் யாரையும் அழைக்கவில்லை. ஒருத்தி ஸ்பூன் எடுத்து வந்தாள். இன்னொருத்தி கீழே ஓடி மற்றவர்களைக் கூட்டி வந்தாள். எட்டும் உயரத்தில் இருந்த வட்டங்களில் எல்லாம் டொப் டொப் என்று சத்தம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இன்னும் எனக்குப் புரியாத ஒரு பாஷை, எல்லாம் ஒரே நேரத்தில். மெதுவாகத் தட்டுங்கள், அடியில் நிற்காதீர்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். “என்னாம்மா பண்றே? கலாட்டா பண்றியா? பொண்ணுங்களை ஏவி வுடறியா?”

“சுவரு என்னா சொல்லுதுன்னு கேக்குறாங்க சார். அவங்க படுக்கற சுவரு.”

“ஒண்ணும் ஆவாது! எத்தினி வருஷமா நிக்குது இந்தக் கட்டடம்!”

எனக்கு அந்த நிமிடத்தில் வேறு வழி தோன்றவில்லை. பெண்களை எல்லாம் கதவோரம் போகச் சொன்னேன். சாரத்தில் ஏறி, பேச்சியம்மாளின் கட்டில் இருந்த இடத்துக்கு மேல் போய் நின்றுகொண்டு சொன்னேன்:

“சார், இந்த வட்டத்துக்குக் கீழ வந்து நில்லுங்க. நான் மேல இருந்து ஒரே ஒரு தட்டுத் தட்டுறேன். ஒண்ணும் ஆவலன்னா நாளைக்கே அடிச்சுக் குடுக்கறேன். அழிச்சுட்டுப் போறேன் எல்லா வட்டத்தையும்.”

அவர் நகரவில்லை.

“அவங்க வருஷம் பூரா இதுக்குக் கீழ படுக்கலாம். நீங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?”

இருபது பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு அடியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நான் தகட்டின் கைப்பிடியால் வட்டத்தின் விளிம்பில் தட்டினேன். ஓங்கி அடிக்கவில்லை, இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். முதலில் ஒரு கோடு மாதிரி விரிசல் ஓடியது. பிறகு கதவுப் பலகை அளவுக்குப் பூச்சு, அப்படியே ஒரே துண்டாகச் சரிந்து, சாரத்தின் கீழ்ப்பலகையில் மோதித் தரையில் விழுந்து நொறுங்கியது. பலகை அதிர்ந்ததில் நான் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தூசி அடங்கப் பார்த்தால், பின்னால் செங்கல் கறுத்து ஈரமாக இருந்தது. மேலே உத்திரத்தின் கம்பி துரு ஏறி வெளியே தெரிந்தது.

பேச்சியம்மாள் குனிந்து ஒரு துண்டைத் தூக்கப் பார்த்தாள். ஒரு கையால் தூக்க முடியவில்லை.

மேனேஜர் நாகராஜ் பக்கம் திரும்பினார். “நீ முடிச்சுக் குடு. இந்தம்மா வேணா. நீ ஆள் வெச்சு முடி. இனிமே இந்தக் கட்டடத்து வேலை எல்லாம் உனக்குத்தான்.”

நாகராஜுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். சற்று முன்னால் என்னைத் தடுத்தவன் அவன்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்தால் அவனைக் கட்டாயப்படுத்துவது போல இருக்கும் என்று நினைத்தேன்.

“ஆகல்ல சார்” என்றான். முடியாது என்று அவன் பாஷையில் சொன்னான்.

பிறகு உட்கார்ந்து பட்டித் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தான்.

கான்ட்ராக்டர் போனில் கத்தினார். “யாரைக் கேட்டு ஒடச்சே?”

“ஒடைக்கலீங்க. தட்டினேன். அதுவே விழுந்துச்சு.”

“இனிமே என் சைட்டுக்கு வராதே.”

“சரிங்க” என்றேன். கட்டடத்தை விட்டு வெளியே வந்து பஸ் ஏறினோம்.

மீதியைப் பேச்சியம்மாள் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டில்களைச் சுவரோரம் தள்ளப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வேறு குழு வந்திருக்கிறது. பூச்சு விழுந்து கிடந்த சுவரையும் கதவில் நின்ற பெண்களையும் பார்த்துவிட்டு, எங்களால் ஆகாது என்று திரும்பிவிட்டது. மேனேஜர் அந்த அறையைப் பூட்டிவிட்டார். திங்கட்கிழமை வந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சுருட்டி வைத்திருந்த பாய்களைப் பார்த்து, இங்கே யார் படுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் பதில் சொல்வதற்குள் பேச்சியம்மாள், “நாங்கதான். எங்க ரூமு மேல இருக்கு. சாவிய வாங்கித் தொறந்து பாருங்க” என்றிருக்கிறாள். திறந்து பார்த்தார்கள். வட்டங்களையும் பார்த்தார்கள்.

அந்தச் சுவர்ப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார்கள். குழாய் மாற்றினார்கள். கம்பியைச் சரி செய்து புதிதாகப் பூசி, தண்ணீர் ஊற்றி, காயவிட்டு, கிட்டத்தட்ட இரண்டு மாதம் அறை காலியாகக் கிடந்தது. பெண்களுக்கு வேறு மாடியில் இடம் கொடுத்தார்கள். மேனேஜர் பயந்த மாதிரி அவர் வேலை போகவில்லை. பேச்சியம்மாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தது யாரோ. என்னைக் கூப்பிடவில்லை.

கூப்பிடவில்லை என்றால், அந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை. ‘அந்தம்மா சுவரை ஒடைக்கும்’ என்று ஓசூர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. எட்டு மாதம் ஒரு கான்ட்ராக்டரும் வேலை கொடுக்கவில்லை. தளிப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுக்கொட்டகைக்கும் கோயில் மதிலுக்கும் சுண்ணாம்பு அடித்தேன். நாகராஜ் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அத்திப்பள்ளியில் வேறு குழுவில் சேர்ந்துவிட்டான். சேரும் முன்னால் வீட்டுக்கு வந்து, “தப்பா நினைக்காதீங்கக்கா” என்றான். “நீ அன்னைக்குச் சொன்ன ஒரு வார்த்தை போதும், போய் நல்லா இரு” என்றேன். அவன் போன பிறகு அழுதேன். பட்டி இழுக்க அவனைப் போல ஆள் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். நிறைய நாள் வருத்தப்பட்டேன். வேறு மாதிரி பேசியிருக்கலாமோ, அந்த மனிதரை அத்தனை பேர் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டாமோ என்று யோசித்தேன். மெதுவாகப் பேசிக் காரியம் ஆகும் என்றால் மெதுவாகவே பேசுங்கள்; நான் அதற்கு விரோதி இல்லை. ஆனால் முதலில் நான் மெதுவாகத்தான் பேசினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எத்தனை தடவை திருப்பி யோசித்தாலும், அந்த இடத்தில் அந்த வட்டங்களை அழித்திருக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

நீங்கள் நாளைக்கு ஒரு சைட்டுக்குப் போவீர்கள். அங்கே உங்களைவிடப் படித்தவர், உங்களைவிட நல்ல சட்டை போட்டவர், ‘உன் வேலையை மட்டும் பார்’ என்பார். பழுது பார்த்த சுவரைத் தட்டிப் பார்ப்பதும் ஈரம் பார்ப்பதும்தான் உங்கள் வேலை. பிரஷ் அதற்குப் பிறகுதான். சந்தேகம் வந்தால் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். அடித்த பிறகு யாரையாவது கை காட்டாதீர்கள். பயம் வரும். எனக்கும் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தால் வாயைத் திறக்கவே மாட்டீர்கள்; நடுக்கத்தோடேயே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது அந்தச் சுவரோரம் படுக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

ஒன்பதாவது மாதம் அதே கான்ட்ராக்டர் போன் பண்ணினார். நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஒரு பழைய ஸ்கூல் கட்டடம். பூச்சு வேலை முடிஞ்சிருக்குது. பெயின்ட் அடிக்கணும். ஆனா ஒண்ணு, வாயை மூடிக்கினு வேலை பாக்கணும்.”

“வர்றேங்க. ஆனா முதல்ல நான் எல்லாச் சுவரையும் தட்டிப் பாப்பேன். ஈரம் பாப்பேன். பாத்தது என்னன்னு அங்க இருக்கற டீச்சருங்களுக்கும் சொல்லுவேன். அப்புறம்தான் டப்பாவைத் தொறப்பேன். இதுக்கு ஒத்துக்கினா வர்றேன்.”

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“நாளைக்குக் காலைல வாங்க” என்றார்.

போனேன். நான்கு வகுப்பறைச் சுவர்கள் நன்றாக இருந்தன. ஐந்தாவது சரியில்லை. சொன்னேன்.